தேர் போகும் தெருவில் நடக்க இடமில்லையா?

சுசீந்திரம் தெருக்கள் குறுகல், நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் இடமில்லை என்கிறார்கள். மார்கழித் திருவிழாவில் ரதவீதிகளில் தேர் ஓடுவதைப் பார்த்தவர்கள் இதை ஏற்க முடியாது. இடத்தை அடைப்பவை நிறுத்திவைத்த கார்கள்.

வியாபாரம் படுத்துவிடும் என்பது அடுத்த அச்சம். சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். தீபாவளிக்கு அங்கே இன்றும் கூட்டம் நெரிகிறது.

சுசீந்திரத்தின் இதே தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்க 1926இல் எம்.இ. நாயுடு தலைமையில் சத்தியாகிரகம் நடந்தது. அப்படிப் போராடிப் பெற்ற தெருவை வண்டிகளுக்கு விட்டுக்கொடுப்பது அநியாயம். நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

முதலில் ரதவீதிகளில் கார் நிறுத்துவதைத் தடுக்கட்டும். பள்ளி விடும் நேரத்தில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைக்கட்டும். 30இல் வரும் வண்டியின் மோதல் ஆற்றல், 50இல் வரும்போது இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.