தூக்குச்சட்டியோடு ஒரு ஞாயிறு

மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14-இல் தொடங்கியதுதான் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை. ஞாயிறு விடியலில் அங்கே போய்ப் பாருங்கள்: ஈரம் காயாத கீரைக்கட்டு, மண் ஒட்டிய சேனை, விளைவித்தவரே எடை போட்டுத் தரும் அழகு. மஞ்சப்பை நிறைந்ததும் எனக்கு இட்லிக் கடை நினைவு வந்துவிடும். வாழையிலையில் ஆவி பறக்கும் இட்லி, நாலு வகைச் சட்னி. அந்தச் சூட்டில் இலை வாடி எழும் மணம் எந்தத் தட்டிலும் கிடைக்காது. பார்சல் வாங்கும் இடத்தில்தான் மனசு வலிக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் கொதிக்கும் சாம்பாரைப் பாலித்தீன் பையில் ஊற்றி, நூல் சுற்றித் தருகிற கடைகள் இன்னும் உண்டு. சூடான சாப்பாடும் பிளாஸ்டிக்கும் சேரவே கூடாது. நான் தூக்குச்சட்டி கொண்டுபோகிறேன். கடைக்காரர் முகம் சுளித்ததே இல்லை, ஒரு கரண்டி கூடுதலாகத்தான் ஊற்றுவார். மதியத்துக்குப் புது நத்தம் சாலையில், 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அடுத்த ஞாயிறு கிளம்பும்போது பைக்குள் ஒரு தூக்குச்சட்டியும் இருக்கட்டும்.