பயணச் செலவு யார் கணக்கில்?

சைக்கிள் மிதித்தால் புற்றுநோய் குணமாகிவிடுமா? நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து நிதி திரட்டும் நெடும்பயணம் கிளம்பும்போதெல்லாம் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் பணத்தை நேராக மருத்துவமனைக்கே கொடுத்துவிடலாமே என்பார்கள். சந்தேகம் நியாயமானதுதான். ஆனால், அமெரிக்காவின் இரண்டு பெரிய சைக்கிள் பயணங்களின் வரலாற்றைப் பார்த்தால், அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருப்பது தெரியும்: வழிச் செலவை யார் ஏற்கிறார்கள்?

36 பேரில் தொடங்கியது

மாசசூசெட்ஸைச் சேர்ந்த பில்லி ஸ்டார், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980இல் நண்பர்களும் உறவினர்களுமாக 36 பேர் அவரோடு சேர்ந்து ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கேப் காட் முனையிலுள்ள பிராவின்ஸ்டவுன் வரை சுமார் 220 மைல் மிதித்தார்கள். பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குக் கிடைத்தது 10,200 டாலர். ‘பான்-மாஸ் சேலஞ்ச்’ என்ற அந்தப் பயணத்தில் இன்று ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் ஓட்டுகிறார்கள். இதுவரை சேர்ந்த தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இந்த வளர்ச்சிக்குக் காரணம் சைக்கிள் அல்ல, கேட்கும் முறை. முகம் தெரியாத நிறுவனம் உண்டியல் குலுக்குவதில்லை; அலுவலக நண்பரும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கேட்கிறார்கள். இது கிட்டத்தட்ட மொய் எழுதுவது மாதிரி. இந்த ஆண்டு அவர் பயணத்துக்கு நான் கொடுத்தால், அடுத்த ஆண்டு என் பிள்ளையின் மாரத்தானுக்கு அவர் கொடுப்பார். நேராகக் கொடுக்கச் சொல்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். விடுதிச் செலவை மிச்சம் பிடித்து மருத்துவமனைக்குக் கொடுத்தால் அது ஒருவரின் பணம். அவர் மிதித்தால் ஐம்பது பேரின் பணம்.

உடல் வருத்தத்துக்கும் இதில் பங்கு உண்டு. கிறிஸ்டோஃபர் ஒலிவோலா, எல்டார் ஷாஃபிர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சுகமாக உட்கார்ந்து சாப்பிடும் நிதி திரட்டலைவிட, ஐந்து மைல் ஓடியாக வேண்டிய நிதி திரட்டலுக்கு மக்கள் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். பாடுபட்டுக் கொடுப்பதற்கு அர்த்தம் கூடுகிறது என்பது அவர்கள் முடிவு. ஆனால், இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நண்பரின் வியர்வையைப் பார்த்துக் கொடுப்பவர், பணம் எங்கே போகிறது என்று விசாரிப்பதில்லை. விசாரிக்காத பணத்துக்குக் கணக்குக் காட்டும் பொறுப்பு இரண்டு மடங்கு.

கலிஃபோர்னியா சொல்லும் பாடம்

எய்ட்ஸ் நோயாளிகளுக்காக 1994இல் டேன் பலோட்டா தொடங்கியது, சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரையிலான பயணம். ஒரு வாரம் முழுக்க ஓட்டம். இந்த மாதிரிப் பயணம் என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு சிற்றூர். சாயங்காலம் மைதானத்தில் முளைக்கும் ஆயிரக்கணக்கான கூடாரங்கள் விடிந்ததும் லாரி ஏறிவிடும். குளியலறைகளே லாரிகளில் வரும். சமையல்காரர்கள், மெக்கானிக்குகள், முட்டிவலிக்கு ஐஸ் வைத்துக் கட்டும் மருத்துவக் குழு, பாதியில் படுத்துவிட்டவரை ஏற்றிச் செல்ல வண்டி, எல்லாம் கூடவே போக வேண்டும். ஒவ்வொன்றும் காசு.

பலோட்டா அதை மறைக்கவில்லை. 50,000 டாலர் முதலீடு ஒன்பது ஆண்டுகளில், செலவு போக, 10.8 கோடி டாலராகப் பெருகியது என்று 2013இல் டெட் மேடையில் வாதாடினார். வசூலில் 40 சதவீதம் ஆள் சேர்ப்பதற்கும் பங்கேற்பாளர் சேவைக்கும் போனதென்றும் அங்கேயே சொன்னார். எவ்வளவு செலவழித்தாய் என்று கேட்காதே, எவ்வளவு மிஞ்சியது என்று பார் என்பது அவர் கட்சி. வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனால், டாலருக்கு இவ்வளவுதான் நோயாளிக்குப் போகிறது என்ற செய்தி கொடுத்தவர்களைச் சுட்டது. ஆதரவு விலக, 2002இல் பலோட்டா தன் நிறுவனத்தை மூடி 350 ஊழியர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பலன் பெற்ற அமைப்புகளே ‘எய்ட்ஸ் லைஃப்சைக்கிள்’ என்ற பெயரில் அதே வழித்தடத்தில் 545 மைல் பயணத்தை நடத்தின. செலவு ஏறி, வருவோர் குறைந்ததால் அதுவும் 2025 ஜூனுடன் முடிவுக்கு வந்தது.

நூறு சதவீதத்தின் சூட்சுமம்

பான்-மாஸ் மட்டும் எப்படி நிற்கிறது? அங்கேயும் பந்தலும் சாப்பாடும் உண்டு. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வேலை பார்த்தும் செலவு செலவுதான். ஆனால், அது ஓட்டுபவர் கட்டும் பதிவுக் கட்டணத்திலும் நிறுவனங்களின் விளம்பர ஆதரவிலும் கழிந்துவிடுகிறது. நண்பர்களிடம் திரட்டியது 2007 முதல் முழுவதுமாக மருத்துவமனைக்குப் போகிறது. குறைந்தபட்சத் தொகையைத் திரட்ட முடியாதவர், மீதியைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆக, ‘நூறு சதவீதம்’ என்றால் செலவே இல்லை என்று பொருளல்ல; இரண்டு பணமும் ஒரே பையில் விழுவதில்லை என்று பொருள். விளம்பரம் தர வசதியான நிறுவனங்கள் பாஸ்டனில் இருப்பதும் இதற்கு உதவுகிறது. எல்லா ஊருக்கும் அது வாய்க்காது.

இரண்டு பணத்தையும் பிரித்து வைப்பது நிறுவனத்தைவிட நண்பர் குழுவுக்குத்தான் எளிது. ரயில் டிக்கெட், டியூப், அறை வாடகை ஆகியவற்றை அவரவர் பையிலிருந்து போட வேண்டும். பயணத்தில் நமக்குக் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு நாமே காசு கொடுப்பதில் தப்பொன்றும் இல்லை. வசூல் நம் வங்கிக் கணக்கைத் தொடாமல், கொடுப்பவரிடமிருந்து நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கு வழியில்லாமல் வசூலிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால், கிளம்புவதற்கு முன்பே, கேட்கும் செய்தியிலேயே, இவ்வளவு எடுப்போம் என்று தொகையோடு சொல்லிவிட வேண்டும். திரும்பி வந்து கணக்குக் காட்டுவது பிறகு வெறும் சம்பிரதாயம்தான்.