விதியா? கயிறா?

ஆலைக் கூரையில் ஷீட்டு மாற்ற ஏறிய கூலியாள் கீழே விழுந்து செத்தால், "அவன் விதி அவ்வளவுதான்" என்கிறார்கள். மேஸ்திரியும் அதையே சொல்லுகிறான்; முதலாளியும் அதையே சொல்லுகிறார்; செத்தவன் பெண்சாதியும் தலையிலடித்துக்கொண்டு அதையே சொல்லுகிறாள். அவள் சொல்லுவது அறியாமையால். மற்ற இருவரும் சொல்லுவது இலாபத்தால். பழியை விதியின்மேல் போட்டுவிட்டால் நஷ்டஈடு கேட்க யார் வருவார்கள்?

இந்த விதியின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். வெயிலிலும் மழையிலும் நொய்ந்துபோன ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு ஆள் பாரம் தாங்காது. வெளிச்சத்துக்காக இடையிடையே போட்ட மெல்லிய ஷீட்டோ, தூசி படிந்தால் மற்றவற்றோடு ஒன்றாகவே தெரியும். கால் வைத்தவன் 20 அடி கீழே தரையை அடைய ஒரு விநாடிக்குச் சற்று அதிகந்தான் ஆகும். அப்போது அவன் வேகம் மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் பக்தனுக்கும் நாஸ்திகனுக்கும் பேதம் கிடையாது.

இதைத் தடுக்க வேண்டியவை என்ன? குறுக்குச் சட்டங்களின்மேல் நிற்கும்படி பலகை, ஓரத்தில் தடுப்புக் கம்பி, கீழே வலை, உடம்பில் பெல்ட்டு, அதை உறுதியான இரும்பில் மாட்டக் கயிறு. இவ்வளவுதான்! உயரத்தில் வேலை செய்கிறவனுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று 1948-ஆம் வருஷத்து பாக்டரிச் சட்டமே சொல்லிற்று. 1996-இல் கட்டடத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் செய்தார்கள். 2020-இல் இவை உட்பட 13 சட்டங்களை ஒன்றாக்கினார்கள். ஆகவே சட்டத்துக்குப் பஞ்சமில்லை, கயிற்றுக்குத்தான் பஞ்சம்.

அமெரிக்காவில் 2022-இல் கட்டட வேலையில் மாண்ட 1,069 பேரில் 395 பேர் உயரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் "விதியால் செத்தவர்" என்று ஒரு வரிகூட இல்லை. காரணத்தை எழுதினால்தானே பரிகாரத்தைத் தேட முடியும்?

இங்கோ, கட்டடத்துக்குத் திருஷ்டி படாமலிருக்கப் பூசணிக்காயைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பூசணிக்காய்க்குக் கயிறு உண்டு. திருஷ்டிப் பொம்மைக்குக் கயிறு உண்டு. மனிதனுக்கு மட்டும் கயிறு கிடையாது! இது அறிவுள்ள சமூகம் செய்யும் காரியமா?

தோழர்களே! ஒருவன் மட்டும் ஏற மறுத்தால் அவன் கூலிதான் போகும். மேஸ்திரி வேறொருவனைக் கூப்பிடுவான். எல்லோரும் சேர்ந்து மறுத்தால் மறுநாளே கயிறு வரும். ஆகையால் "கயிறு எங்கே?" என்று கேட்டுவிட்டு ஏணியில் கால் வையுங்கள். விழுந்த பிறகு விதியைக் கேட்டுப் பயனில்லை.