பொம்மையும் அளவுகோலும்

நவராத்திரிக் கொலுவில் மளிகைக் கடை பரப்பி அமர்ந்திருக்கும் செட்டியார் பொம்மை, பக்கத்துப் படியில் நிற்கும் யானையைவிடப் பெரிதாக இருப்பதுண்டு. அதனைக் குறையென்று எவரும் கூறுவதில்லை. கொலுவின் நோக்கம் வேறு. அங்கு அளவு ஒரு பொருட்டன்று. கேரளத்தின் கிழக்கு எல்லையில், தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் சித்தூர் வட்டாரத்தில், அப்படிகளின் முன்னே முளைவிட்ட கடுகும் கேழ்வரகும் கொண்டு சிறு பூங்கா அமைக்கும் வழக்கமுள்ள இல்லங்களில், சிறுவர்கள் தங்கள் பிளாஸ்டிக் டைனோசார்களையும் கொண்டுவந்து நிறுத்துவது இக்காலத்தில் வியப்பன்று. இங்குதான் ஒரு கேள்வி எழுகின்றது. டைனோசார் உருவங்களைச் சேகரிப்பது விளையாட்டா, கல்வியா?

விளையாட்டு என்பது பெரியவர்கள் பலரின் முடிவு. பத்து வயதில் தொடங்கிப் பதினான்கு வயதில் மறந்துவிட வேண்டிய பொழுதுபோக்கு என்று அவர்கள் கருதுகின்றனர். சேகரிப்பவர்களோ, எத்தனை உருவங்கள் தம்மிடம் உள்ளன என்ற எண்ணிக்கையிலேயே பெருமை கொள்கின்றனர். இரு சாராரும் ஒன்றைக் காணத் தவறுகின்றனர். ஒரே அளவு விகிதத்தில் அமைந்த உருவங்களின் தொகுதி ஓர் ஆய்வுக் கருவியாகும். விகிதம் குறிக்கப்பெறாத உருவங்கள் நூறு இருப்பினும் அவை பொம்மைகளே.

இது மிகைப்பட்ட கூற்றன்று. அழிந்துபட்ட ஒரு விலங்கின் எடையை அறிவது எவ்வாறு? எலும்பு கிடைக்கின்றது, தசையும் தோலும் கிடைப்பதில்லை. 1962ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எட்வின் கோல்பர்ட், அளவுப்படி செய்யப்பெற்ற டைனோசார் உருவங்களை மணலில் புதைத்து, அவை அடைத்துக்கொள்ளும் இடத்தின் கன அளவைக் கண்டு, அதிலிருந்து உயிருள்ள விலங்கின் எடையைக் கணித்தார். 1985இல் பிரிட்டிஷ் விலங்கியலறிஞர் மக்நீல் அலெக்சாண்டர் அதே பணிக்கு, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெயரால் விற்கப்பட்ட பிளாஸ்டிக் உருவங்களையே எடுத்துக்கொண்டார். காற்றில் ஒரு முறையும் நீரில் தொங்கவிட்டு ஒரு முறையும் நிறுத்தார். சிறுவர்கள் விலைக்கு வாங்கிய அதே உருவங்கள் அவருடைய ஆய்வுக்கூடத்தில் தராசில் தொங்கின.

முடிவுகளில்தான் பாடம் உள்ளது. பிராக்கியோசாரஸ் என்னும் நெடுங்கழுத்து விலங்கிற்குக் கோல்பர்ட் கண்ட எடை சுமார் 78 டன். அலெக்சாண்டர் கண்டது சுமார் 47 டன். விலங்கு ஒன்றே, உருவங்கள் வேறு. ஒரு சிற்பி வயிற்றைச் சற்றுப் பருமனாக வடித்தால், கணக்கில் பல டன்கள் கூடிவிடுகின்றன. ஆகவே உருவத்தை வடிப்பவன் செய்யும் சிறு பிழை சிறு பிழையாக நின்றுவிடுவதில்லை.

இக்கணக்கின் அடிப்படை எளியது. ஓர் உருவம் நாற்பதில் ஒரு பங்கு நீளத்தில் செய்யப்பெற்றிருந்தால், அகலமும் உயரமும் அவ்வாறே நாற்பதில் ஒரு பங்காகும். எனவே கன அளவு 40 × 40 × 40, அதாவது 64,000இல் ஒரு பங்கு. உயர்நிலைப் பள்ளி மாணவன் எவனும் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். விளிம்புவரை நீர் நிரம்பிய பாத்திரத்தில் உருவத்தை முழுவதும் அமிழ்த்தி, வழிந்த நீரை அளவு சாடியில் பிடிக்க வேண்டும். உள்ளீடற்ற பிளாஸ்டிக் உருவம் மிதக்குமாதலால் மெல்லிய கம்பியால் அழுத்திப் பிடிக்கலாம். துளை இருப்பின் மெழுகால் அடைத்துவிடலாம். வழிந்த நீர் 100 கன சென்டிமீட்டர் என்றால், விலங்கின் உடல் 6.4 கன மீட்டர். அது நீரின் அடர்த்தியை ஒத்தது என்று கொண்டால் எடை 6.4 டன். ஒரு வாளி நீரில் முடியும் இச்சோதனைக்கு விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டியதில்லை. உருவத்தின் விகிதம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

அதுவே கடைகளில் கிடைப்பதில்லை. கடைத்தெருவில் பையில் அடைத்து விற்கப்படும் தொகுதியில் நெடுங்கழுத்து விலங்கும், முக்கொம்பனும், பறக்கும் ஊர்வனவும் ஒரே நீளத்தில் இருக்கும். பெட்டியின் அளவே அங்கு விகிதம். இதற்கு மாறான முயற்சிகள் மேல்நாட்டில் நடந்துள்ளன. 1974 முதல் இன்விக்டா நிறுவனம் லண்டன் அருங்காட்சியகத்திற்காக ஒரே விகிதத்தில் உருவங்களை வெளியிட்டது. 1988இல் சஃபாரி நிறுவனம், பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி அருங்காட்சியக அறிஞர்களின் மேற்பார்வையில், பெரும்பாலும் நாற்பதில் ஒன்று என்ற விகிதத்தில் ஒரு வரிசையைத் தொடங்கியது. அது 2015 வரை நீடித்தது. இவ்விரண்டும் இன்று உற்பத்தியில் இல்லை. இந்தியாவில் பொம்மைகளின் மீதான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. தரமான அயல்நாட்டு உருவத்தை வாங்குவது சித்தூர் போன்ற ஊரின் விவசாயக் குடும்பத்திற்கு எளிதன்று. இதனை வருந்தத்தக்க செய்தியாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. வாங்க இயலாதவன் செய்யத் தொடங்குவான், செய்பவனே அளப்பவன்.

எதனைச் செய்வது? டிரானோசாரஸும் ஸ்டெகோசாரஸும் செய்யப் பலர் உள்ளனர். நம் நாட்டு விலங்குகளைச் செய்யத்தான் ஆள் இல்லை. நர்மதைக் கரையிலுள்ள ஜபல்பூரில் 1828ஆம் ஆண்டிலேயே ஸ்லீமன் என்னும் ஆங்கில அதிகாரி டைனோசார் எலும்புகளைக் கண்டெடுத்தார். டைனோசார் என்ற சொல்லே 1842இல்தான் பிறந்தது. கோதாவரிப் பள்ளத்தாக்கில் தோண்டியெடுக்கப்பெற்ற பாரபாசாரஸ், இரவீந்திரநாத் தாகூரின் பெயரையும் சேர்த்து 1975இல் பெயரிடப்பட்டது. அதன் எலும்புக்கூடு கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிறுத்தப்பட்டுள்ளது. அதே பள்ளத்தாக்கின் கோட்டாசாரஸை ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் காணலாம். குஜராத்தின் ரஹியோலியில் கிடைத்த எலும்புகளைக்கொண்டு 2003இல் ராஜசாரஸ் என்னும் ஊனுண்ணி பெயர் பெற்றது. மகாராஷ்டிரத்தின் டோங்கர்காவ்ன் அருகே கிடைத்த ஐசிசாரஸின் இனப்பெயர் ‘கோல்பர்ட்டி’. மணலில் உருவங்களைப் புதைத்து எடை கண்ட அதே கோல்பர்ட்டின் பெயர்.

சித்தூரில் இவ்வெலும்புகள் ஏன் கிடைப்பதில்லை என்று சிறுவர்கள் கேட்பது இயல்பு. பாலக்காட்டுக் கணவாயின் தரை பெரும்பாலும் நைஸ் என்னும் பழம்பாறை. சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசார்கள் தோன்றியபோதே அப்பாறை மிகப் பழையது. டைனோசார்கள் அதன் மேல் நடமாடியிருக்கலாம். ஆனால் அவற்றின் எலும்பை மூடிக் காக்கும் வண்டலும் மணலும் படிந்து கல்லாகி இங்கு எஞ்சவில்லை. கணவாயின் பாறைப் பிளவுகளை மடகாஸ்கர் தீவின் பிளவுகளோடு நிலவியலறிஞர் ஒப்பிட்டுக் காண்பர்; இந்தியாவும் அத்தீவும் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை ஒட்டியிருந்தன. ராஜசாரஸின் நெருங்கிய உறவான மஜுங்காசாரஸ் மடகாஸ்கரில்தான் கிடைத்தது. சித்தூர் மாணவனின் காலடிப் பாறைக்கும் அவன் மேசைமேல் நிற்கும் உருவத்திற்கும் உள்ள தொடர்பு இது. எந்தக் கடைப்பெட்டியும் இதனை எழுதித் தருவதில்லை.

நாற்பதில் ஒன்று என்ற விகிதம் நம் சூழலுக்குப் பொருத்தமானது. சுமார் 14 மீட்டர் நீளமுள்ள பாரபாசாரஸ் 35 சென்டிமீட்டராகும். ஆண் யானை தோளளவில் 7 சென்டிமீட்டர். மனிதன் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். சித்தூர் வயல்வரப்பில் நிற்கும் 20 மீட்டர்ப் பனை ஒன்றை இதே விகிதத்தில் செய்து பக்கத்தில் நட்டால் அது 50 சென்டிமீட்டர் உயரும். எத்தனை பேரளவு எண்களைக் கூறினும் பெறாத உணர்வை அந்தப் பனை தந்துவிடும்.

களிமண்ணில் செய்வோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். மண் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்குகின்றது. நீளத்தில் பத்தில் ஒரு பங்கு சுருங்கினால், 35 சென்டிமீட்டர் உருவம் 31.5 ஆகிவிடும், கன அளவில் இழப்பு நூற்றுக்கு 27. வேண்டிய அளவு வர ஏறத்தாழ 39 சென்டிமீட்டரில் தொடங்க வேண்டும். பண்ணுருட்டியிலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் கொலுப் பொம்மை செய்யும் கைவினைஞர்களுக்கு இது பரம்பரை அறிவு. அவர்களிடம் இல்லாதது, எலும்புக்கூட்டின் சரியான அளவுப் படம் ஒன்றே. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையும் அருங்காட்சியகங்களும் பக்கவாட்டு, மேல், முன்புறத் தோற்றங்கள் கொண்ட அளவுப் படங்களைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் குறைந்த விலையில் வெளியிட்டால், காகிதக்கூழிலும் களிமண்ணிலும் நம் நாட்டு டைனோசார்கள் சந்தைக்கு வருவதில் தடை இராது. பெரும் பொருட்செலவில் பூங்காக்களில் முழு அளவுச் சிமெண்டு உருவங்களை எழுப்புவதைக் காட்டிலும் இது பயனுள்ள செயல்.

உருவம் ஒருமுறை செய்தால் முடிந்தது என்றும் எண்ணுதல் கூடாது. லண்டனுக்கு அருகில் 1854இல் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் எழுப்பிய இகுவானோடானின் மூக்கில் ஒரு கொம்பு உண்டு. பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் சுரங்கத்தில் 1878இல் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பின்னர், அது கட்டைவிரல் முள் என்று தெளிவாயிற்று. ராஜசாரஸின் நீளமும் இவ்வாறே மாறியுள்ளது. 2010இல் வெளிவந்த ஒரு கணிப்பு 11 மீட்டர் என்றது. 2016இன் கணிப்பு 6.6 மீட்டர். நாற்பதில் ஒன்றாகக் கொண்டால் முன்னது 27.5 சென்டிமீட்டர், பின்னது 16.5. எனவே ஒவ்வோர் உருவத்தின் அடியிலும் விகிதம், பின்பற்றிய கணிப்பு, அதன் ஆண்டு ஆகியவை எழுதப்பெற வேண்டும். பழைய உருவத்தை எறிந்துவிடாமல் புதியதன் பக்கத்திலேயே வைத்தல் நலம்.

வைக்கும் முறைக்குக் கொலுவே வழிகாட்டும். மூன்று படிகள் போதும். பாறை அடுக்குகளில் பழையது கீழும் புதியது மேலும் இருப்பதுபோல, டிரயாசிக் காலத்தவை அடியிலும், ஜுராசிக் காலத்தவை நடுவிலும், கிரெட்டேசியஸ் காலத்தவை மேலும் நிற்கட்டும். பாரபாசாரஸ் நடுப்படியிலும் ராஜசாரஸும் ஐசிசாரஸும் மேற்படியிலும் அமையும். ஸ்டெகோசாரஸும் டிரானோசாரஸும் போரிடும் காட்சி அப்போது தானே மறையும். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம் சுமார் 8 கோடி ஆண்டுகள்.

மேற்படியில் ஓரிடம் வெறுமையாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதியில், கல்லமேடு என்னுமிடத்தில் கிடைத்த பேரெலும்புகள் 1980களின் இறுதியில் பிருகத்காயோசாரஸ் எனப் பெயரிடப்பட்டன. உலகின் மிகப்பெரிய டைனோசார்களுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்பர். அவ்வெலும்புகள் பேணப்படாமல் சிதைந்துவிட்டன. சில வரைபடங்களும் புகைப்படங்களுமே எஞ்சியுள்ளன. எந்த விகிதத்திலும் அதன் உருவத்தை உறுதியாகச் செய்ய இயலாது. பெயர், ஊர், ஆண்டு எழுதிய அட்டை ஒன்றை மட்டும் அவ்விடத்தில் சாய்த்து வைக்கலாம்.