கடனின் விலையும் கணக்கின் நேர்மையும்



என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், ஆம்பூரில் ஷூவுக்கு 'அப்பர்' தைத்துக் கொடுக்கும் சிறு தொழிற்கூடம் நடத்தி வருகிறார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து, 40 இலட்சம் ரூபாய் கடன் பெற்றுப் புதிய இயந்திரங்கள் வாங்க எண்ணியிருந்தார். வட்டி ஹராம் என்பதை அவரும் அறிவார். "வேறு வழி எது, ஹஜ்ரத்?" என்பதே அவருடைய கேள்வி. இதே கேள்வி உங்களில் பலருடைய இல்லங்களிலும் எழுந்திருக்கக்கூடும்.

கடனின் விலையை நிர்ணயிப்பவர் யார் என்பதை முதலில் அறிந்துகொள்வோம். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டி விகிதத்தை 'ரெப்போ' என்பர். விலைவாசி ஏறும்போது அதனை உயர்த்துவதும், தொழில் மந்தமாகும்போது தாழ்த்துவதும் வழக்கம். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த அவ்விகிதம், 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதமாயிற்று. சிறுதொழில்களுக்கு மாறும் வட்டியில் வழங்கும் புதிய கடன்களை இத்தகைய வெளி அளவுகோலுடன் இணைத்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் வட்டியைத் திருத்த வேண்டும் என்னும் விதி 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, மும்பையில் எடுக்கப்படும் முடிவு விரைவிலேயே ஆம்பூர்ப் பட்டறையின் பேரேட்டில் ஏறிவிடுகிறது. 40 இலட்சத்துக்கு இரண்டரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஓர் இலட்சம். ஒரு ஜோடி கூடுதலாகத் தைக்காமலேயே செலவு மட்டும் ஓர் இலட்சம் கூடிவிடுகிறது! 2025இல் விகிதம் குறைக்கப்பட்டது உண்மையே. எனினும், ஏற்றமும் இறக்கமும் கடன் பெற்றவர் கையில் இல்லை.

வட்டி மட்டுமன்று, கடன் கொடுப்போரின் மனநிலையும் மாறக்கூடியது. சாலை, மின்சாரம் போன்ற, வருவாய் திரும்பப் பல்லாண்டுகள் பிடிக்கும் பணிகளில் இறங்கிய ஐ.எல். அண்டு எஃப்.எஸ். குழுமம் குறுகிய காலக் கடன்களையும் பெரிதும் நம்பியிருந்தது. பழைய கடனை அடைக்கப் புதிய கடன் கிடைக்காத நாள் வந்தபோது, 2018இல் தவணை தவறியது. அதன் மொத்தக் கடன் 90,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதன் பின்னர்க் கடன் கொடுப்போர் அஞ்சிக் கையை இறுக்கிக்கொண்டதால், வேறு பல நிதி நிறுவனங்களும் இடர்ப்பட்டன. நீண்ட காலப் பணிக்குக் குறுகிய காலக் கடன் ஆகாது என்பது இதில் நாம் பெறும் பாடம்.

இத்தகைய காலங்களில் பெரிய நிறுவனங்கள் விரிவாக்கத்தைத் தள்ளிப்போடுகின்றன. இலாபத்தைத் தொழிலிலேயே இடுகின்றன. அல்லது பங்குகளை விற்று முதல் திரட்டுகின்றன. பங்கு முதலுக்கு மாதத் தவணை இல்லை. இலாபத்திலும் நட்டத்திலும் அது உடன் நிற்கிறது. முளாரபா, முஷாரகா என்று நம் மார்க்கம் காட்டிய வழிகளின் அடிப்படையும் இதுவன்றோ? அன்னை கதீஜா (ரலி) அவர்களின் பொருளைக் கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகம் செய்த வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பின் ஏன் நம்மிடையே பங்காளிகள் அருகிவிட்டனர்? என் மாணவரிடம், "தம்பி, உங்கள் மாமனார் முதல் தர முன்வந்தால், அவருக்குக் காட்டக் கணக்கு இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் தலைகுனிந்தார். வீட்டுச் செலவும் தொழில் செலவும் ஒரே பெட்டியிலிருந்துதான்! முதல் தருவோரிடமும் குறை உண்டு. "நட்டம் எனக்கு வேண்டாம், மாதம் இவ்வளவு தந்துவிடு" என்கின்றனர். பெயரில் அது பங்கு; பொருளில் வட்டியேயாகும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. திருமறையின் மிக நீண்ட வசனம் அதுவே. அதனை அழகாக ஓதும் நாம், எழுதுகோலை எடுக்க மறந்தோம்.

கையிருப்பைக் கொண்டு, பழைய இயந்திரங்கள் இரண்டை மட்டும் வாங்கியிருக்கிறார் அவர். ஓராண்டுக் கணக்கை ஒழுங்காக எழுதி, அதனோடு மாமனாரைக் காண்பதாகச் சொல்லிச் சென்றார். வீட்டுப் பத்திரம் இன்றும் பீரோவிலேயே இருக்கிறது.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.