மூன்றாம் போர்டில் முதல் வீரர்!



ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? உங்கள் பள்ளியில் செஸ் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் ஐந்து பேர். விருதுநகரில் நடக்கும் போட்டிக்கு ஒரு அணியை அனுப்ப வேண்டும். ஒரு நேரத்தில் நான்கு பேர்தான் ஆட முடியும். ஒருவர் மாற்று ஆள். முதல் போர்டில் யார், இரண்டாம் போர்டில் யார் என்று பட்டியல் எழுதுவது உங்கள் பொறுப்பு. எப்படி எழுதுவீர்கள்?

"இது என்ன சார் பெரிய கேள்வி? நல்லா ஆடுறவன் முதல் போர்டு. அவனுக்கு அடுத்தவன் இரண்டாம் போர்டு" என்பீர்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் 2024 செப்டம்பரில் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் நடந்த செஸ் ஒலிம்பியாடில், இதே கேள்விக்கு இந்தியா வேறு விடை எழுதியது. அந்த விடைக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. எப்படி என்று பார்ப்போம், வாருங்கள்.

ஆடாத கேப்டன்

செஸ் ஒலிம்பியாடில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு கேப்டன் உண்டு. அவர் காயைத் தொட மாட்டார். ஆட்டம் தொடங்கிய பிறகு, "குதிரையை அங்கே வை" என்று காதில் சொல்லவும் கூடாது. பிறகு அவருக்கு என்ன வேலை? யாரை எந்த போர்டில் உட்கார வைப்பது, எந்தச் சுற்றில் யாருக்கு ஓய்வு கொடுப்பது என்று முடிவு செய்வதுதான். இதில் ஒரு கண்டிப்பும் உண்டு. போர்டு வரிசையைப் போட்டி தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் மாற்ற முடியாது. எதிரணியின் முதல் போர்டு வீரர் நம் முதல் போர்டு வீரரோடும், இரண்டாம் போர்டு வீரர் நம் இரண்டாம் போர்டு வீரரோடும் மோதுவார்.

2024-இல் இந்திய ஆண்கள் அணியின் கேப்டன் சென்னையைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் ஸ்ரீநாத் நாராயணன். அணியில் குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன் எரிகைசி, விதித் குஜராத்தி, ஹரிகிருஷ்ணா என ஐந்து பேர். அப்போது இந்தியாவிலேயே அதிக ரேட்டிங் புள்ளி வைத்திருந்தவர் தெலங்கானாவைச் சேர்ந்த அர்ஜுன். ஆக, அவர்தானே முதல் போர்டு?

இல்லை! முதல் போர்டில் குகேஷ். இரண்டாவதில் பிரக்ஞானந்தா. அர்ஜுனுக்கு மூன்றாவது!

ஏன் இந்த வரிசை?

இதைப் புரிந்துகொள்ள இரண்டு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 2022-இல் நம் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கிறதா? வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' ஊரெல்லாம் நின்றதே, அதேதான். போட்டியை நடத்திய நாடு என்பதால் இந்தியா ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளை இறக்கியது. அதில் இரண்டாவது அணிக்குப் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ். 16 வயது குகேஷை அவர் முதல் போர்டில் உட்கார வைத்தார். குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்று உலகத்தை வாய் பிளக்க வைத்தார்.

ஆனால் பத்தாவது சுற்றில், உஸ்பெகிஸ்தான் வீரர் அப்துசத்தோரோவுடன் ஆடியபோது, கைக்கு வந்த வெற்றி நழுவியது. குகேஷ் தோற்றார். அந்த மோதல் 2-2 என்று சமனில் முடிந்தது. கடைசியில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. நம் பிள்ளைகளுக்கு வெண்கலம்.

அந்தத் தோல்வியை மட்டும் நினைத்திருந்தால், 2024-இல் குகேஷுக்கு மறுபடி முதல் போர்டு கிடைத்திருக்காது. அந்த எட்டு வெற்றிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பெரிய பெரிய வீரர்கள் எதிரே உட்கார்ந்தாலும் பயப்படாமல் ஜெயிக்கப் பார்க்கிற பிள்ளை அவர்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எந்த நாட்டு அணியிலும் முதல் போர்டில் பலமானவர் இருப்பார். மூன்றாம் போர்டுக்கு வரும்போது பலம் கொஞ்சம் குறையும். அங்கே நம்மிடம் உலகத்தின் முன்னணி வீரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால்? மேலே இருப்பவர்கள் தாக்குப்பிடிக்க, கீழே புள்ளி வந்துகொண்டே இருக்கும்!

அதுதான் நடந்தது. அர்ஜுன் 11 ஆட்டங்களில் 10 புள்ளி எடுத்தார். குகேஷ் 10 ஆட்டங்களில் 9 புள்ளி எடுத்தார். இருவருக்கும் அவரவர் போர்டில் தனித் தங்கமும் கிடைத்தது. பத்தாவது சுற்றில் அமெரிக்காவோடு மோதியபோது பிரக்ஞானந்தா தோற்றுவிட்டார். விதித் டிரா செய்தார். ஆனால் முதல் போர்டில் குகேஷ் கருவானாவையும், மூன்றாம் போர்டில் அர்ஜுன் டொமிங்கெஸையும் வென்றார்கள். இந்தியா 2.5-1.5 என்று ஜெயித்தது. மொத்தம் 11 சுற்றுகளில் 10 வெற்றி, ஒரு டிரா. 22-க்கு 21 புள்ளி! ஆண்கள் அணிக்கு அதுதான் முதல் ஒலிம்பியாட் தங்கம். அதே நாளில் வைஷாலி, ஹரிகா, திவ்யா, வந்திகா, தானியா ஆடிய பெண்கள் அணியும் தங்கம் வென்றது.

இதில் நான் மிகவும் பாராட்டுவது அர்ஜுனைத்தான். "நான்தானே நம்பர் ஒன், எனக்கு ஏன் மூன்றாம் இடம்?" என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் அந்தப் பத்துப் புள்ளி வந்திருக்குமா?

பேட்டைக் கட்டிய அக்சர்

செஸ்ஸில் வரிசையை முன்கூட்டியே எழுத வேண்டும். கிரிக்கெட்டில் அப்படி இல்லை. ஆட்டத்தின் நடுவிலேயே பேட்டிங் வரிசையை மாற்றலாம். அதனால் அங்கே முடிவெடுக்க ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும்.

2024 ஜூன் 29. பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. எதிரே தென் ஆப்பிரிக்கா. ஐந்து ஓவர் முடிவதற்குள் இந்தியா 34 ரன்னுக்கு 3 விக்கெட்டை இழந்துவிட்டது. அடுத்து ஹர்திக் பாண்டியா வருவாரா, சிவம் துபே வருவாரா என்று எல்லோரும் பார்த்தோம். வந்தவர் அக்சர் படேல்! பந்து வீச்சாளராகத்தான் பலருக்கும் அவரைத் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். கோலி வலது கை, அக்சர் இடது கை. ஒரு ரன் ஓடும்போதெல்லாம் பந்து வீசுகிறவர் தன் திட்டத்தை மாற்ற வேண்டும். அது ஒரு லாபம். அடித்து ஆடும் ஹர்திக்கும் துபேயும் கடைசி ஓவர்களுக்கு மிச்சமிருப்பார்கள். அது இன்னொரு லாபம். அக்சர் 31 பந்தில் 47 ரன் எடுத்தார். இந்தியா 176 ரன் எடுத்து, 7 ரன் வித்தியாசத்தில் கோப்பையை வென்றது. பயிற்சியாளர் ராகுல் திராவிட்டுக்கு இந்திய அணியோடு அதுதான் கடைசிப் போட்டி.

தோற்றால் திட்டம் தப்பா?

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். அக்சர் முதல் பந்திலேயே அவுட் ஆகியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? "என்ன முட்டாள்தனம் இது!" என்று திட்டியிருப்போம் அல்லவா?

2019 உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக அப்படித்தான் ஆனது. 5 ரன்னுக்கு 3 விக்கெட் விழுந்த நிலையிலும் தோனியை மேலே அனுப்பாமல் ஏழாவதாக அனுப்பினார்கள். அனுபவசாலி கடைசி வரை நிற்க வேண்டும் என்பதும் ஒரு நியாயமான கணக்குதான். தோனி 50 ரன்னும் ஜடேஜா 77 ரன்னும் எடுத்தும், இந்தியா 18 ரன்னில் தோற்றது. முன்பே அனுப்பியிருக்க வேண்டும் என்று நாடே பேசியது.

ஆகவே ஒரு திட்டத்தை எடைபோடும்போது முடிவை மட்டும் பார்க்காதீர்கள். "ஏன் இப்படிச் செய்தார்கள்? அதற்குக் காரணம் இருந்ததா?" என்று கேளுங்கள். நல்ல காரணத்தோடு செய்த வேலை சில சமயம் தோற்கும். காரணமே இல்லாமல் செய்தது சில சமயம் ஜெயித்துவிடும். பரீட்சையில் வழிமுறைக்குத் தனி மார்க் கொடுக்கிறோமே, அது போல!

பத்துப் பேர், பதினோரு பேர் வேலை

சிவகாசி, சாத்தூர்ப் பிள்ளைகளுக்கு ஹாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு மட்டுமா பெயர் போனது? ஹாக்கிக்கும்தான். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்ததால் உங்களில் சிலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள்.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கின் காலிறுதியில் இந்தியாவும் பிரிட்டனும் மோதின. 17-வது நிமிடத்தில் நம் தடுப்பாட்டக்காரர் அமித் ரோகிதாஸுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. அதற்குப் பதில் ஆள் இறக்க முடியாது. மிச்சமிருந்த 40 நிமிடங்களுக்கும் மேலாகப் பத்துப் பேர்தான்! முன்னால் நின்று கோல் போட வேண்டியவர்களும் பின்னால் ஓடி வந்து தடுத்தார்கள். ஆட்டம் 1-1 என முடிந்தது. ஷூட் அவுட்டில் ஸ்ரீஜேஷ் கோல் காக்க, இந்தியா 4-2 என்று வென்றது. "இது என் இடமில்லை" என்று ஒருவர் நின்றிருந்தாலும் கதை கந்தல்தான். பிறகு ஸ்பெயினை வென்று வெண்கலமும் வாங்கினார்கள். அந்த ஸ்ரீஜேஷ்தான், மேலே சொன்ன 2025 ஜூனியர் உலகக் கோப்பையில் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர்.

பெஞ்சில் இருந்து வந்தவர்

இதுவரை இடம் மாறி ஆடியவர்களைப் பார்த்தோம். இடமே இல்லாமல் வெளியே உட்கார்ந்திருப்பவர்? அவருக்கும் ஒரு கதை உண்டு. அதற்கு நாம் ஆஸ்திரேலியா போக வேண்டும்.

அந்த நாட்டுக்கென்றே தனியாக ஒரு கால்பந்து இருக்கிறது. முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர். பந்தை உதைக்கலாம், கையால் குத்தி நண்பருக்கும் அனுப்பலாம். ஒரு கோலுக்கு 6 புள்ளி. 1970 செப்டம்பரில் மெல்பர்ன் நகரில் இறுதிப் போட்டி. கார்ல்டன் அணியும் காலிங்வுட் அணியும் மோதின. மைதானத்தில் 1,21,696 பேர்! இடைவேளையின்போது கார்ல்டன் 44 புள்ளி பின்தங்கி இருந்தது. வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்கிற நிலைமை.

கார்ல்டன் பயிற்சியாளர் ரான் பராசி இரண்டு காரியம் செய்தார். பந்தைக் கையால் குத்தி வேகமாகப் பரிமாறச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பத்தொன்பதாவது ஆளான டெட் ஹாப்கின்ஸை உள்ளே அனுப்பினார். ஹாப்கின்ஸ் நான்கு கோல் போட்டார். கார்ல்டன் 10 புள்ளி வித்தியாசத்தில் கோப்பையை வென்றது. நான்கு கோல் என்றால் 24 புள்ளி. அதைக் கழித்துப் பாருங்கள், அவர் அருமை தெரியும்!

உங்கள் மைதானத்தில்...

பிள்ளைகளே, நம் சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களைப் பார்த்திருப்பீர்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்துதான் அத்தனை நிறமும் வருகிறது. மஞ்சள் மட்டும் அடித்த தாளைத் தனியே எடுத்துப் பாருங்கள். படமே சரியாகத் தெரியாது. ஆனால் அந்த மஞ்சள் இல்லாவிட்டால் மாந்தோப்பு படத்தில் ஒரு இலைகூடப் பச்சையாக இருக்காது.

அணியும் அப்படித்தான். உங்களுக்குக் கொடுத்த இடம் உங்களுக்குப் போட்ட மார்க் இல்லை. அது உங்களை நம்பிக் கொடுத்த ஒரு வேலை.

கபடியிலோ, கோ-கோவிலோ உங்களைப் பின்னால் நிறுத்தினால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். "என்னை ஏன் இங்கே நிறுத்தினீங்க சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது தப்பே இல்லை. காரணம் தெரிந்தால் இன்னும் நன்றாக ஆடுவீர்கள்.

நீங்களே கேப்டன் என்றால் உங்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு அணியிலும் எப்போதும் தண்ணீர் பாட்டில் தூக்குகிற, செருப்புக்குக் காவல் இருக்கிற ஒரு பிள்ளை உண்டு. இந்த வாரம் அந்தப் பிள்ளையிடம் போய், "உனக்கு எதுடா நல்லா வரும்?" என்று கேளுங்கள். வேகமாக ஓடுவானா? குறி பார்த்து எறிவானா? தெரிந்துகொண்டு அதற்கேற்ற இடத்தைக் கொடுங்கள். பராசி கேப்டனாகவோ பயிற்சியாளராகவோ இல்லாத உங்கள் ஊரில், உங்கள் ஹாப்கின்ஸை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள்:

1. அர்ஜுன் முதல் போர்டிலும் குகேஷ் மூன்றாம் போர்டிலும் ஆடியிருந்தால் என்ன நன்மை, என்ன தீமை?

2. 2019-இல் நீங்கள் பயிற்சியாளர் என்றால் தோனியை எத்தனையாவதாக அனுப்புவீர்கள்? காரணத்தோடு எழுதுங்கள்.

3. உங்கள் வகுப்பு கபடி அணிக்கு ஏழு பேர் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, "இவர் ஏன் இங்கே?" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி எழுத முடியாத பெயர் இருந்தால், பட்டியலைத் திரும்பவும் போடுங்கள்!