அண்ணன் ஆடிய கேம்... தங்கைக்கு இடமில்லை!

வீட்டுக்கு ஒரே லேப்டாப். அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். அவன் ஏற்றிய கேம்கள் மட்டும் போகவில்லை. தங்கையின் பிராஜெக்ட்டைச் சேமிக்க முடியாமல் சி டிரைவ் சிவப்பு காட்டுகிறது. காரமடைப் பக்கம் பல வீடுகளில் இதே கதைதான். ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபிக்கு மேல் விழுங்கும் ஆசாமி!

ஃபோல்டரைப் பிடித்து அப்படியே டெலீட் செய்யாதீர்கள். கேம் போனாலும் அதன் பெயர் பட்டியலில் நிற்கும். ரீசைக்கிள் பின்னில் அடங்காத பெரிய ஃபோல்டர் என்றால், நிரந்தரமாக அழிக்கவா என்று விண்டோஸ் கேட்கும். படிக்காமல் 'யெஸ்' கொடுத்தால், உள்ளே யாரோ போட்டுவைத்த கல்யாண போட்டோக்களும் போச்சு.

செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் போய், அளவு வாரியாக அடுக்கி அன்இன்ஸ்டால் கொடுங்கள். ஸ்டீம் கேம் என்றால் லைப்ரரியில் ரைட் கிளிக், மேனேஜ், அன்இன்ஸ்டால். காசு கொடுத்து வாங்கியது கணக்கிலேயே இருக்கும். பிறகு மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

அதற்கு முன் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த 'சேவ்' ஃபைல்கள் பல கேம்களில் டாகுமென்ட்ஸில் இருக்கும். ஜிடிஏ 5-க்கு அங்கே 'ராக்ஸ்டார் கேம்ஸ்' என்ற ஃபோல்டர். பழைய கேம்கள் சிலவற்றில் கேம் ஃபோல்டருக்குள்ளேயே கிடக்கும். பென்டிரைவில் ஒரு காப்பி எடுத்துவிட்டால் வீட்டில் சண்டை மிச்சம்.

2020 செப்டம்பர் 2-ல் தடையான பப்ஜி மொபைலை எமுலேட்டர் வைத்துக் கம்ப்யூட்டரில் ஆடியவர்களும் உண்டு. அவர்கள் எமுலேட்டரையும் சேர்த்து நீக்கினால்தான் இடம் முழுதாகத் திரும்பும்.